அக்கா மீட்டாத வீணை

எனக்கு வீணை வாங்கிக் கொடுத்ததற்குக் காரணம் என்னுடைய நிறம்தான். சங்கீத ஞானம், விட்டகுறை தொட்டகுறை என்றெல்லாம் சொல்லி யாரையும் ஏமாற்ற இந்த வயதில் எனக்கு இஷ்டமில்லை. நான் கறுப்பு, அக்கா சிவப்பு. தென்காசியில் எங்கள் வீட்டார் எங்கள் இருவரைப் பற்றியும் இதற்கு மேல் யோசித்ததில்லை.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அவளுடைய பாவாடைக்கு ஜரிகை உண்டு. எனக்குக் கிடையாது, ஏனென்றால் என் மேல் எதைப் போட்டாலும் எடுக்காது என்பது அம்மாவின் தீர்மானம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் அக்காவுக்குச் சீயக்காய் போதும். எனக்குக் கடலைமாவு, பயற்றமாவு, பாலாடை என்று ஒவ்வொன்றாகப் பூசித் தேய்ப்பார்கள். தேய்த்தால் போகிற அழுக்கு என்று நினைத்தார்களோ என்னவோ, தோல் எரிகிறவரை விடமாட்டார்கள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் அக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, என்னைக் காட்டி, இவளைத் தவிட்டுக்கு வாங்கினீர்களா என்று அம்மாவிடம் கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று அதற்கு வேறு பேச்சுக் கேட்க வேண்டும்.

அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஆனி மாதம் சாரல் விழத் தொடங்கியதும் முட்டுவலியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவாள். குற்றாலத்தில் ஒரு வீட்டை ஒரு மாதத்துக்குப் பிடித்து, சமையலுக்கு அம்மாவையும் கால் பிடிக்க எங்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் சொல்வதை அப்பா தட்டியதில்லை. எனக்குப் பத்து வயதானபோது ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே என் எதிர்காலத்தை முடிவு செய்தாள்.

"மூத்தவளுக்கு நெறம் இருக்கு, அதே போதும். நெலபுலம் உள்ள வீட்டுல கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிடுவாவ. இளையவளை அப்படி யாரும் கேக்க மாட்டாவ. இப்பம் வக்கீலு, குமஸ்தான்னு உத்தியோகம் பாக்கிறவன்லாம் பாட்டுப் படிச்ச பிள்ளைதான் வேணுங்கான். இவ கையில ஒரு வாத்தியத்தைக் குடுத்து வையி."

வாத்தியார் வருவது வருகிறார், மூத்தவளும் கூட உட்காரட்டுமே என்று அப்பா கேட்டார். அத்தை முடியவே முடியாது என்றாள். நிலமுள்ள வீடுகளில் பாட்டு, வாத்தியம் என்றாலே சதிர் ஆடுகிற தாசிகள் ஞாபகம்தான் வரும், பெண் கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள் என்றாள். இதையெல்லாம் நாங்கள் இருவரும் அவள் காலைப் பிடித்துக்கொண்டே கேட்டோம். நான் வலது கால், அக்கா இடது கால்.

பாட்டு வாத்தியார் செங்கோட்டையிலிருந்து ரயிலில் வருகிறவர். முதல் நாள் ஒரு ஆர்மோனியத்தையும் ஒரு வீணையையும் கொண்டுவந்து கூடத்தில் ஜமக்காளத்தின் மேல் வைத்தார். இரண்டில் எதில் பிள்ளைக்கு மனம் போகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆர்மோனியம் கலைந்துபோன ஏதோ ஒரு நாடகக் கம்பெனியுடையது. வீணை செங்கோட்டையில் இறந்துபோன ஒரு அம்மாளுடையது. அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்த அம்மாள் போகும்போது தாலியோடு போனாளா என்று. தாலியோடுதான் போனாள் என்று வாத்தியார் சொன்ன பிறகு வீணைக்குக் குங்குமம் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஆர்மோனியம். கட்டையை அமுக்கினால் போதும், சத்தம் வந்துவிடுகிறது. துருத்தியை ஆட்டிப் பார்க்கக் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையோடு அக்காவைப் பார்த்தேன். அவள் வாத்தியாருக்கு மோர் கொண்டுவந்தவள், செம்பைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள். வீணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொருளை அப்படிப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு அதுவரை வந்ததே இல்லை. எதுவானாலும் அவள் கேட்பதற்கு முன்பே கைக்கு வந்துவிடும்.

நான் கையை இழுத்துக்கொண்டு, வீணைதான் வேண்டும் என்றேன்.

வாத்தியாருக்குப் பரம சந்தோஷம். பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்றார். அக்கா செம்பை வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு எனக்கு வந்த ஆனந்தம் என் கலியாணத்தன்று கூட வரவில்லை. அப்பா மட்டும் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தி ஒரு பேச்சுச் சொன்னார். வீணை நொய்ந்த சாமான், இளையவளின் அஜாக்கிரதையால் அதற்கு ஏதாவது ஆயிற்று என்றால் அன்றைக்கே செங்கோட்டைக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன், அப்புறம் இந்த வீட்டில் பாட்டுப் பேச்சே கிடையாது என்றார். அப்பா சொன்னால் செய்கிறவர்.

எனக்கு வீணை வரவில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சரளி வரிசையைத் தாண்ட ஒரு வருஷம் ஆயிற்று. வலது கையில் இரண்டு விரலுக்கு நகம் வளர்த்துக் கம்பியை மீட்ட வேண்டும். இடது கையின் இரண்டு விரலால் கம்பியை, தண்டில் வரிசையாகப் பதித்த பித்தளை மெட்டின் மேல் அழுத்தி ஓட்ட வேண்டும். கம்பி விரல் நுனியை அறுத்து, புண்ணாகி, ஆறி, கறுத்த கோடாகக் காய்த்துப் போன பிறகுதான் வலி நிற்கும். வாத்தியார் ஒரு மரக்கோலை மடியிலேயே வைத்திருப்பார். சுரம் தப்பினால் கையின் முட்டியில் விழும். அடிக்கும்போது கோபமே இல்லாமல், கணக்குக்கு அடிப்பது போல அடிப்பார். என் கறுப்புக்காகத்தான் என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் இரண்டு உருப்படி வாசித்தால் போதும், அதற்கு மேல் உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னார்.

நான் அடி வாங்குகிறபோதெல்லாம் அக்கா அடுக்களை நடையில் அரிசி புடைத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ இருப்பாள். பாடம் முடிந்த பிறகு அவள் வாய்க்குள் முனகுவாள். நான் மூன்று நாளாகத் தப்பு விட்ட இடம் அவள் முனகலில் சரியாக வந்து உட்காரும். அதைக் கேட்கும்போது, கோலால் வாங்கிய அடி மறுபடி வலிக்கும். வீணையைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். கூடாது என்றேன். என் வாழ்க்கையில் நான் அவளிடம் கூடாது என்று சொல்லக் கிடைத்த ஒரே விஷயம் அது. எவ்வளவு ருசியாக இருந்தது என்று இப்போதும் நாக்கில் நினைவிருக்கிறது.

வீணைக்கு உறை தைத்து, நாடாவால் இரண்டு முடிச்சுப் போட்டு வைப்பேன். எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது ஒரு நாள் சாயங்காலம் முடிச்சு வேறு மாதிரி இருந்தது. மறுநாள் மத்தியானம் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா கண்ணயர்ந்ததும் அக்கா பூனை போல வந்து உறையைக் கழற்றி வீணையை மடியில் சாய்த்துக்கொண்டாள். மீட்டப் போகிறாள், அம்மா எழுந்து வந்து முதுகில் நாலு வைப்பாள் என்று ஆவலாக இருந்தேன்.

அவள் மீட்டவில்லை. வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையை மட்டும் மெட்டுகளின் மேல் ஓட்டினாள். ஒரு சத்தம் இல்லை. கண்ணை மூடியிருந்தாள். அன்றைக்குக் காலையில் நான் அடி வாங்கிய பாடம் அது. விரல் எந்த மெட்டிலிருந்து எந்த மெட்டுக்குப் போகிறது, எங்கே நின்று கம்பியை இழுக்கிறது என்பதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு இடம் தப்பவில்லை. நான் வாசிக்க அவள் காதால் கேட்டு வைத்துக்கொண்டு, அதை இப்படி ஊமையாக வாசித்துப் பார்க்கிறாள். எத்தனை மாதமாகவோ நடக்கிறது. அவள் வாசித்தது ஒன்றையாவது அவளே கேட்டிருக்க முடியாது.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. நிறமும் அவளுக்கு, வீணையும் அவளுக்கா?

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு அதட்டலோடு போய்விடும். மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அந்த ஆனியில் அத்தை வந்தாள், வழக்கம் போலக் குற்றாலத்தில் வீடு பிடித்தாள், சாமான்களோடு வீணையும் ஜமக்காளத்தில் சுற்றி வில்வண்டியில் வந்தது. ஒரு மாதம் தான் வரப்போவதில்லை என்றும், நானாகவே சாதகம் செய்ய வேண்டும் என்றும் வாத்தியார் சொல்லிவிட்டிருந்தார். புறப்படுகிற அன்று என்னிடம் மட்டும் ஒரு எச்சரிக்கை செய்தார். வீணையின் மெட்டுகள் மெழுகில் பதித்தவை, வெயிலிலோ தணலுக்குப் பக்கத்திலோ வைத்தால் மெழுகு இளகி இருபத்து நாலு மெட்டும் சாய்ந்துவிடும் என்றார்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் எதுவும் காயாது. தலைமயிர் காயாது, தீப்பெட்டி காயாது, சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டும். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு சட்டியில் தணல் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, துணிகளை விரித்திருப்பார்கள். அப்பளம், புத்தகம், தலையணை, எது நமத்துப் போனாலும் அந்தக் கூடைக்குப் பக்கத்தில் கொண்டு வைத்துவிடுவது எங்களுக்குப் பழக்கம். வீணை ஈரம் கோத்துவிட்டதே என்று யார் வேண்டுமானாலும் அதையும் தணலோரம் சாத்தி வைக்கலாம். அந்த வீட்டில் அப்படி வைக்கக்கூடாது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு வீட்டார் அக்காவைப் பார்க்க வருவதாக இருந்தது. குளிக்க வந்தவர்கள் தற்செயலாகப் பார்த்தது போலப் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு காலை நேரம், அம்மாவும் அத்தையும் அருவிக்குப் போனார்கள், அப்பா தென்காசிக்குப் போயிருந்தார். அக்கா பின்கட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வீணையை உறையிலிருந்து எடுத்தேன். தணல் சட்டியில் இரண்டு கரித்துண்டு கூடப் போட்டேன். கூடையை நகர்த்திவிட்டு, மெட்டு வரிசை தணலைப் பார்க்கும்படி வீணையைப் படுக்க வைத்தேன். பிறகு வாசலில் போய் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளித்துவிட்டு வந்த அம்மாதான் முதலில் பார்த்தாள். மெழுகு கறுப்பாக வழிந்து, மெட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. நான் ஓடிவந்து அழுதேன். அழுகை நன்றாகவே வந்தது. அக்காதான் எடுத்து வைத்திருக்க வேண்டும், தினமும் நமக்குத் தெரியாமல் எடுக்கிறாள், நம்பாவிட்டால் அவள் இடது கைவிரலைப் பாருங்கள் என்றேன்.

விரித்துப் பார்த்தார்கள். இரண்டு விரலிலும் கறுத்த கோடு காய்த்திருந்தது. என் விரலில் இருந்ததைவிட ஆழமாக.

மத்தியானம் அப்பா வந்து அவளை முன்னால் நிறுத்திக் கேட்டார். "நீயா வச்சே?"

அக்கா வீணையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். இரண்டு பேர்தான் வீட்டில் இருந்தோம், தான் வைக்கவில்லை என்றால் வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. சொல்லப் போகிறாள் என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"ஆமாப்பா. ஈரமா இருந்துச்சு. காயட்டும்னு வச்சேன்."

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்பா அவளை இரண்டு அறை அறைந்தார். அதுவரை அவர் அவள் மேல் கை வைத்ததில்லை. இனி வீணை இருக்கிற அறைக்குள் காலை வைத்தால் தொலைத்துவிடுவேன் என்றார். என்னிடம், நீ என்னம்மா செய்வாய், வாத்தியாரை வரவழைத்துச் சரி பண்ணித் தருகிறேன் என்றார். அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அத்தைக்கு வீணையைப் பற்றிக் கவலையில்லை. விரலைப் பற்றித்தான் கவலை. மாப்பிள்ளையின் தாயார் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்க்காமல் போகமாட்டாள், இந்தக் கோட்டைப் பார்த்தால் வாத்தியக்காரி என்று தெரிந்து போகும் என்றாள். மறுநாள் காலையில் அக்காவை அருவிக்குக் கூட்டிப்போய், பெண்கள் குதிகால் தேய்க்கிற சொரசொரப்பான பாறையில் அந்த இரண்டு விரல் நுனியையும் வைத்துத் தேய்த்தாள். தோல் உரிந்து ரத்தம் வந்து தண்ணீரோடு போயிற்று. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளுடைய முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ரத்தம் நின்ற பிறகு எண்ணெய் போட வேண்டும். ஒன்பது நாள் தினமும் இது நடந்தது. நானும் அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. என்னைக் கடலைமாவு போட்டுத் தேய்த்தபோது அவள் அழுதாளா என்று நினைத்தேன்.

வீரகேரளம்புதூர்க்காரர்கள் வந்தார்கள். அத்தை சொன்னபடியே மாப்பிள்ளையின் தாயார் அக்காவின் கையைப் பிடித்தாள். தோல் வெந்தது போலச் சிவந்திருந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள். "அடுப்பு வேலைக்கு அஞ்சாத பிள்ளை போலிருக்கே" என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அந்த வார்த்தையிலேயே கலியாணம் முடிவாகிவிட்டது. தை மாதத்துக்கு நாள் பார்த்தார்கள். வயலும் மாடும் களமுமாக இருக்கிற வீடு. காலையில் எழுந்தால் இருட்டுகிறவரை வேலை இருக்கும் என்று அவர்களே பெருமையாகச் சொன்னார்கள்.

தென்காசிக்குத் திரும்பியதும் வாத்தியார் வந்து புது மெழுகு வைத்து மெட்டுகளைப் பதித்துக் கொடுத்தார். முதல் நாள் பாடத்துக்கு உட்கார்ந்தேன். நடையில் அக்கா முறத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் அரிசி இல்லை. அவளுடைய வலது முழங்கை மேல் இடது கைவிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தோல் உரிந்த விரல்கள். நான் வாசிக்க வாசிக்கத் தன் கையிலேயே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அப்பாவிடம் போய், கலியாண வேலை நடக்கிற வீட்டில் எனக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை, அக்கா கலியாணம் முடிந்த பிறகு வாத்தியார் வரட்டும் என்றேன். பொறுப்பான பிள்ளை என்று அப்பா ஒப்புக்கொண்டார். உறையைப் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டேன். ஐந்து மாதம், அவள் வீட்டை விட்டுப் போகிறவரை, அந்த முடிச்சை நான் அவிழ்க்கவில்லை. அவள் கேட்கக்கூடக் கூடாது என்றுதான் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்கா போன பிறகு மூன்று வருஷம் படித்தேன். வாத்தியார் சொன்ன மாதிரி இரண்டு உருப்படி தேறிற்று. திருநெல்வேலியிலிருந்து ஒரு கலெக்டராபீஸ் குமஸ்தா வந்து, இரண்டையும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அத்தையின் கணக்கு ஒன்றும் தப்பவில்லை. கலியாணத்துக்குப் பிறகு வாசிக்கச் சொல்லி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வீணை என் மாமியார் வீட்டுப் பரணில் ஏறியது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம் ஆடி மாதம், நானும் அக்காவும் மறுபடி குற்றாலத்தில் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்தோம். அவளுக்கு மூன்று பிள்ளைகள். வெயிலில் நின்று நின்று நிறமெல்லாம் போயிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் கறுப்பு என்று சொல்ல முடியாது. அதைக் கண்டதும் எனக்கு உள்ளே ஒரு திருப்தி வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அருவிக்கரையில் தலைக்கு எண்ணெய் வைக்க உட்கார்ந்தோம். கிண்ணம் என் கையில் இருந்தது.

வீணை எங்கே என்று கேட்டாள். பரணில் கிடக்கிறது, கம்பியெல்லாம் துருப்பிடித்துவிட்டது என்றேன். அவள் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்குத் தணல்ல வச்சது நீதான்னு எனக்குத் தெரியும்."

இத்தனை வருஷம் கழித்து இது வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படியென்றால் நீ ஏன் ஆமாம் என்றாய் என்று கேட்டேன்.

"நீன்னு தெரிஞ்சா அப்பா வீணையை அன்னைக்கே அனுப்பியிருப்பாவ. நான்னு சொன்னா ரெண்டு அடியோட போச்சு. வீணை வீட்டுல இருக்கும், நீ வாசிப்பே, கேட்டுக்கிடலாம்னு நெனச்சேன். என் விரல் என்ன வாசிக்குதுன்னு நீ வாசிச்சாத்தானே எனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் சடையை அவிழ்த்து, சிக்கு எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"தை மாசம் வரைக்கும் காத்துக் கெடந்தேன். நீ தொடவே இல்லியேட்டி."

அருவியில் கூட்டம் இரைந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். விரல் நுனிகள் மொழுமொழுவென்று இருந்தன, ஒரு கோடு இல்லை. எண்ணெய் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன்.